மஞ்சள் கரு குஞ்சாவதில்லை

[காட்சி: வெள்ளைத் தட்டில் உடைத்து ஊற்றிய கோழிமுட்டை]

வணக்கம். இந்த முட்டையில் குஞ்சாக வளர்வது எது? பெரும்பாலும் மஞ்சள் கருவைத்தான் கை காட்டுவோம். "கரு" என்று பெயர் வைத்திருப்பதால் வந்த குழப்பம் இது. மஞ்சள் முழுக்கச் சாப்பாடு. அதன் மேல் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மங்கலாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? குஞ்சு உருவாவது அதிலிருந்துதான். கடை முட்டை பொதுவாகச் சேவல் சேராமல் இட்டது. அதிலும் புள்ளி இருக்கும், ஆனால் வளராது.

[காட்சி: மஞ்சளை ஒட்டிய வெள்ளை முறுக்கு, மிக அருகில்]

இந்த முறுக்கிய நூலை அழுக்கு என்று எடுத்துப் போடாதீர்கள். மஞ்சள் ஓட்டில் போய் ஒட்டாமல் நடுவில் பிடித்து வைக்கும் கயிறு இது. முட்டையை எப்படி உருட்டினாலும் மஞ்சள் மெல்லத் திரும்பி, புள்ளி மேலே வந்துவிடும். புள்ளி இருக்கும் பக்கம் எடை குறைவு. மேலே என்றால், அடைகாக்கும் கோழியின் வயிற்றுச் சூடு படும் பக்கம்! எனக்கு முட்டையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அப்புறம், அவித்த முட்டையின் அகன்ற முனையில் ஒரு பள்ளம் இருக்குமே, அது காற்றறை. இட்ட முட்டை சூடு ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கும். ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே காற்று நுழைந்து, ஓட்டை ஒட்டிய இரண்டு சவ்வுகளுக்கு நடுவே தங்கிவிடும். அடைகாப்பு மொத்தம் 21 நாள். கடைசி நாளில் குஞ்சு அலகால் சவ்வைக் கிழித்து, முதல் மூச்சை அந்த அறையில்தான் இழுக்கிறது.

[காட்சி: உரித்த தேங்காயின் மூன்று கண்கள்]

சரி, விதைக்கு வருவோம். தேங்காயும் முட்டை மாதிரிதான்: ஓடு, நிறையச் சாப்பாடு, துளியூண்டு பிள்ளை. மூன்று கண்ணில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும். அதற்கு அடியில், பருப்புக்குள் புதைந்திருக்கிறது முளை. குருத்து அந்தக் கண் வழியே வெளியே வரும். முளையின் மறுமுனை உள்ளே பஞ்சு போல உப்பி, பருப்பில் இருக்கும் சத்தை உறிஞ்சும். நாம் ஆசையாகத் தின்னும் தேங்காய்ப்பூ அதுதான்.

[காட்சி: இரவு முழுக்க ஊறிய மொச்சை, தோல் உரிகிறது]

மொச்சையில் கதை வேறு. இரண்டு பருப்பையும் பிரித்தால் நடுவே குட்டி வேர், மடிந்த இரண்டு இலை. அப்படியானால் பருப்பு? அதுவும் பிள்ளையின் உடம்புதான், அதன் முதல் இலைகள். காய்க்குள் இருக்கும்போதே சாப்பாட்டை முழுக்க உள்ளே இழுத்து வைத்துக்கொண்டது.

குஞ்சும் இதைச் செய்கிறது, ஆனால் கடைசியில். ஓட்டை உடைத்து வருவதற்குச் சற்று முன், மிச்ச மஞ்சளைத் தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். பொரித்த குஞ்சு ஓரிரு நாள் இரை இல்லாமல் தாங்குவது அதனால்தான்.