புத்தகத்துக்குள்ள இருக்கற வண்டை குளிர வெச்சே கொல்றது எப்படி?

வணக்கம். [திரையில்: பழைய புத்தகத்தோட முதுகுப் பக்கம், குட்டி குட்டி வட்ட ஓட்டைகள்]

இந்த ஓட்டையைக் கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். கீழ மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடக்குதுல்ல, அது புழு தின்னு கழிச்ச காகிதம். இதைப் பாத்ததும் "ஐயோ பூச்சி உள்ள போயிருச்சே"ன்னுதான் நிறைய பேர் பதறுவாங்க, ஆனா இது பெரும்பாலும் பூச்சி வெளிய வந்த வழி. தாய் வண்டு முட்டையை அட்டை ஓரத்துலயோ பக்கங்களோட விளிம்புலயோ இட்டுட்டுப் போயிடும், பொரியற புழு கண்ணுக்கே தெரியாத சைஸ்ல உள்ள பூந்து மாசக்கணக்கா பசையையும் காகிதத்தையும் குடைஞ்சு தின்னு, உள்ளயே கூட்டுப்புழுவாகி, வண்டா மாறின பிறகுதான் இப்படி ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வரும். அப்போ நம்ம கண்ணுல படறப்போ அடுத்த தலைமுறை பக்கத்து புத்தகத்துல சாப்பாட்டை ஆரம்பிச்சிருக்கும்.

மேல மருந்து அடிச்சா உள்ள இருக்கற புழுவுக்கு போய்ச் சேராது, பிரச்சனையே அதுதான்.

இதுக்கு ஒரு நல்ல வழி பெரிய அளவுல நிரூபணமானது அமெரிக்காவுல, யேல் பல்கலைக்கழகத்தோட பைனெக்கி அரிய நூல் நூலகத்துல. 1963-ல திறந்த கட்டடம், சுவருக்கு ஜன்னலே கிடையாது, மெல்லிசா அறுத்த மார்பிள் பலகை வழியாத்தான் வெளிச்சம் வரும், நடுவுல ஆறு மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடி கோபுரம், அது முழுக்க புத்தகம். 1977-ல அங்க வண்டு பிடிச்சிருக்கறது தெரிய வந்துச்சு. டெத்வாட்ச் பீட்டில்னு சொல்ற வண்டோட குடும்பம். ஒரு அலமாரியில வந்தா ஓரமா எடுத்து வெச்சிடலாம், இவ்ளோ பெரிய கோபுரத்துல வந்தா என்ன பண்றது?

அந்தக் காலத்து வழக்கம் விஷ வாயுவை விட்டு மூட்டம் போடறது. எத்திலீன் ஆக்ஸைடு பூச்சியைக் கொல்லும், சந்தேகமே இல்ல. ஆனா அது புற்றுநோய் உண்டாக்கற வாயு, சட்டுனு தீப்பிடிக்கும், தோல் அட்டைக்குள்ளயும் காகிதத்துக்குள்ளயும் தங்கிக்கிட்டு அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும், அதை மூச்சுல இழுக்கறது அந்தப் புத்தகத்தைத் தொட்டு வேலை பாக்கற ஊழியரும் படிக்க வர்றவங்களும். இன்னொரு வாயு மீதைல் புரோமைடு, அது ஓசோன் படலத்தைக் கெடுக்குதுன்னு பிற்பாடு மாண்ட்ரியல் ஒப்பந்தத்துல கட்டுப்படுத்திட்டாங்க.

அப்போ யேல்லயே வேலை பாத்த பூச்சியியல் பேராசிரியர் சார்ல்ஸ் ரெமிங்டன், பட்டாம்பூச்சி ஆராய்ச்சியில பெரிய ஆளு, அவர் சொன்ன யோசனைதான் உறைய வைக்கிறது. கிட்டத்தட்ட 37,000 புத்தகத்தை பாலிதீன் பையில போட்டு சீல் பண்ணி, மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் பக்கத்துல மூணு நாள் வெச்சாங்க. விஷமே இல்லாம வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் புதுசா வாங்கற புத்தகத்தையும் முதல்ல ஃப்ரீஸர்ல வெச்சுட்டுத்தான் அலமாரிக்கு அனுப்பறதுன்னு வழக்கமாக்கிட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச முடிவு அதுதான், வண்டு வந்த பிறகு ஓடறதை விட வாசல்லயே நிறுத்தறது.

சரி, குளிர் எப்படிக் கொல்லுது? பூச்சியோட உடம்புல பெரும்பங்கு தண்ணி. அது உறையறப்போ உண்டாகற ஐஸ் படிகம் செல்லைக் கிழிச்சுடும். ஆனா சும்மா குளிர்ல வெச்சா மட்டும் பத்தாது, ஏன்னா பல பூச்சிக்கு தப்பிக்கற வித்தை தெரியும். குளிர் மெதுவா ஏறினா உடம்புல கிளிசரால் மாதிரி பொருளைச் சேத்து வெச்சுக்கும், ஜீரோவுக்கு கீழ போனாலும் உறையாது. அதனால தயாராக நேரமே குடுக்காம வேகமா இறக்கணும். மைனஸ் 30-ன்னா மூணு நாள், மைனஸ் 18-ன்னா ரெண்டு வாரம், மியூசியங்கள்ல பொதுவா சொல்ற கணக்கு இது. தடிமனான புத்தகத்தோட நடுப்பகுதி ரொம்ப லேட்டாத்தான் குளிரும், ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கி அடுக்கினா இன்னும் லேட்டாகும், அதனால நடுவுல காத்து போக இடைவெளி விட்டு வைக்கணும்.

"காகிதத்துலயும் ஈரம் இருக்குதே, அது உறைஞ்சு கிழியாதா?"ன்னு கேக்கலாம். சாதாரண அறையில இருக்கற காகிதத்தோட ஈரம் நாரோட ஒட்டி இருக்கும், தனியா ஐஸா மாறற அளவுக்கு இருக்காது. நனைஞ்ச புத்தகம்னா கதை வேற.

[திரையில்: ஃப்ரீஸர்ல இருந்து எடுத்த பை, வெளிப்பக்கம் முத்து முத்தா தண்ணி]

இப்போ பை. எல்லாரும் குளிரைப் பத்தியே பேசறாங்க, என்னைக் கேட்டா பாதி வேலை இந்தப் பைதான் பாக்குது. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தண்ணி பாட்டில் வெளிய வேர்க்குதுல்ல, அதேதான் இங்கயும் நடக்கும். பை சீல் ஆகியிருந்தா அந்தத் தண்ணி பைக்கு வெளிய நிக்கும், அவசரப்பட்டுப் பிரிச்சா நேரா அட்டை மேல படியும், அப்புறம் பூச்சிக்கு பதிலா பூஞ்சை வரும். அதனால உள்ள இருக்கற காத்தை முடிஞ்ச வரை எடுத்துட்டு டேப் போட்டு ஒட்டி, வெளிய எடுத்த பிறகு குறைஞ்சது 24 மணி நேரம் பிரிக்காம அப்படியே விடணும். உறைஞ்ச பொருள் சட்டுனு உடையும், அந்த நேரத்துல போட்டு உருட்டாதீங்க.

எல்லாத்தையும் இப்படி வைக்க முடியாது. கண்ணாடி நெகட்டிவ், எண்ணெய் ஓவியம், அக்ரிலிக் ஓவியம், தந்தம், அரக்குப் பூச்சு வேலை இதெல்லாம் வேண்டவே வேண்டாம், விரிசல் விடும். அதுக்கெல்லாம் பைக்குள்ள ஆக்ஸிஜனை கிட்டத்தட்ட இல்லாம பண்ணி வாரக்கணக்குல வைக்கிற முறை இருக்கு.

நம்ம ஊர் ஓலைச்சுவடியில துளை போடற காஸ்ட்ரேலஸ் இண்டிகஸ்ங்கற வண்டும் யேல்ல வந்ததோட குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தஞ்சாவூர் சரஸ்வதி மகால்ல வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு எல்லாம் பொடிச்சு துணியில முடிஞ்சு சுவடி பக்கத்துல வைக்கிற பழக்கம் உண்டு. அது பூச்சியை அண்ட விடாம வைக்கிற வேலை, ஏற்கனவே உள்ள குடையற புழுவை அது ஒண்ணும் பண்ணாது. குளிர் நேர் எதிர், உள்ள இருக்கறதைக் கொல்லும், ஆனா நாளைக்கு வரப்போற வண்டைத் தடுக்காது. ரெண்டையும் ஒண்ணுக்கு பதில் இன்னொண்ணுன்னு நினைக்கக் கூடாது. பழைய சுவடி ரொம்ப நொறுங்கற நிலையில இருந்தா பாதுகாப்பு நிபுணரைக் கேக்காம ஃப்ரீஸர் பக்கமே கொண்டு போகாதீங்க.

வீட்டுல தாத்தா சேர்த்து வெச்ச புத்தகம் நாலஞ்சுல தூள் கொட்டுதுன்னா டீப் ஃப்ரீஸர்ல பண்ணலாம். உள்ள ஒரு தெர்மாமீட்டர் வெச்சு நிஜமாவே மைனஸ் 18-க்கு போகுதான்னு முதல்ல பாருங்க, ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல் அப்பப்போ தானா சூடு பண்ணிக்கும், அது இதுக்கு அவ்ளோ சரிப்படாது. நடுவுல கரண்ட் ரொம்ப நேரம் போச்சுன்னா நாள் கணக்கை மறுபடி முதல்ல இருந்து வெச்சுக்கோங்க.

முடிஞ்சதும் மென்மையான பிரஷ்ஷால தூளையும் செத்த பூச்சியையும் சுத்தமா தட்டி எடுத்துடுங்க. விட்டுட்டா அந்தச் செத்த உடம்பைத் தின்னவே வேற வண்டு வரும், அதோட பழைய தூள் எது புதுத் தூள் எதுன்னும் தெரியாது. அப்புறம் புத்தகத்தை ஒரு கறுப்புத் தாள் மேல வெச்சு மத்த புத்தகம் கிட்ட சேர்க்காம சில வாரம் தனியா விடுங்க. தாள் சுத்தமா இருந்தா அலமாரிக்கு போகலாம், வெள்ளைத் தூள் கொட்டியிருந்தா திரும்ப பையில போட்டு ஃப்ரீஸர்ல இன்னொரு சுத்து.