சிஆர்பி குறைந்தால் மாரடைப்பு வராதா?

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "எனக்கு சிஆர்பி 4 என்று வந்திருக்கிறது. அப்பாவுக்கு 50 வயதிலேயே மாரடைப்பு. இது பரம்பரையா? மருந்து சாப்பிட்டு சிஆர்பியைக் குறைத்துவிட்டால் எனக்கு வராமல் தடுக்கலாமா?" ரொம்ப நல்ல கேள்வி, ரெண்டு நாளாக மனசிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சிஆர்பி என்பது உடம்பில் எங்காவது அழற்சி (தொற்றுக்கோ காயத்துக்கோ உடம்பு காட்டுகிற எதிர்ப்பு) இருந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு புரதம். முதலில் அந்த 4-ஐப் பார்த்துவிடுவோம். இதயத்துக்காகப் பார்க்கிற நுண்ணிய சிஆர்பி பரிசோதனையில், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஆபத்து குறைவு, 3-க்கு மேல் போனால் அதிகம். ஆனால் சளி பிடித்திருந்தாலும் ஏறும், ஈறு வீங்கியிருந்தாலும் ஏறும். 10-ஐத் தாண்டிவிட்டால் வேறு எங்காவது தொற்று இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்கள். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போது, ரெண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.

சரி, குறைத்தால் போதுமா? நம்ம காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்வேன் என்று தெரியும்: சிஆர்பி புகை, நெருப்பு இல்லை. எங்கோ அழற்சி இருக்கிறது, இன்டர்லூக்கின்-6 என்ற செய்தி மூலக்கூறு போய்ச் சொல்கிறது, கல்லீரல் சிஆர்பியைத் தயாரிக்கிறது, அவ்வளவுதான். இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், மரபணுதான் சாட்சி. சிஆர்பி மரபணுவில் உள்ள சின்ன வேறுபாட்டால் சிலருக்குப் பிறந்ததிலிருந்தே சிஆர்பி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்த வேறுபாடு கருவிலேயே குலுக்கல் மாதிரி கிடைப்பது, புகைப்பழக்கமோ உடல் எடையோ அதை மாற்றாது. சிஆர்பியே ரத்தக்குழாயைக் கெடுக்கிறது என்றால் இவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்திருக்க வேண்டும் இல்லையா? 2011-ல் சுமார் 1,94,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்படி எதுவும் இல்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன்: அப்படியானால் நெருப்பு எங்கே? 2012-ல் இன்டர்லூக்கின்-6-இன் செய்தியை வாங்கிக்கொள்கிற ஏற்பியின் மரபணுவை இதே மாதிரி பார்த்தார்கள். அந்தச் செய்தியை மந்தமாக்குகிற வேறுபாடு உள்ளவர்களுக்கு சிஆர்பியும் குறைவு, இதய நோயும் குறைவு. சில சதவீதம்தான், ஆனால் எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம், ஏனென்றால் அழற்சி வெறும் அடையாளம் இல்லை, காரணங்களில் ஒன்று என்று அது காட்டிவிட்டது. அப்புறம் 2017-ல் கனகினுமாப் என்ற ஊசியை வைத்துச் செய்த சோதனையின் முடிவு வந்தது. அழற்சிச் செய்தித் தொடரில் இன்டர்லூக்கின்-6-க்கும் ஒரு படி மேலே இருக்கிற இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுப்பது அது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த, சிஆர்பியும் கூடுதலாக இருந்த சுமார் 10,000 பேரிடம் சோதித்தார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் (எல்டிஎல்) குறையவே இல்லை, ஆனாலும் 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. ஆனால் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். உடம்பைக் காக்கிற நெருப்பும் அதேதானே.

இப்போது உங்கள் அப்பா விஷயம். 55 வயதுக்குள் அப்பாவுக்கு வந்திருந்தால் அதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். சிஆர்பி எண்ணை விட எனக்கு அதுதான் கவலை. பரம்பரை என்பது ஒரே மரபணு இல்லை, பல சின்ன வேறுபாடுகள் சேர்வது. உங்கள் மருத்துவரிடம் லிப்போபுரோட்டீன்-ஏ (ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கிற ஒரு துகள்) பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அதன் அளவு பெரும்பாலும் பரம்பரையாகவே வருகிறது, பொதுவாக வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். கூடவே எல்டிஎல், ரத்த அழுத்தம், சர்க்கரை. கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டேடின் மாத்திரை தேவை என்று அவர் சொன்னால் அது எல்டிஎல்லோடு சிஆர்பியையும் இறக்கும். அதற்காக, சிஆர்பி இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.