கல்லையும் புல்லையும் காப்பாற்ற வேண்டாம்

நடுவர் அவர்களே, மயிலாப்பூர் சாயங்கால டிராஃபிக்கைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். பெண்ணைத் தாழ்த்துவது பழமொழியா, அதற்கு நாம் கொள்ளும் பொருளா என்பது தலைப்பு. பழமொழியேதான் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர், 'அந்தக் காலத்துப் பெரியவங்க தப்பாச் சொல்வாங்களா, நமக்குத்தான் புரியலை' என்றார். 'பெண் புத்தி பின் புத்தி' என்றால் பின்னால் வரப்போவதை முன்கூட்டியே அறியும் புத்தியாம். வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது, ரோஜாப்பூ படத்தோடு.

ஐயா, ஒரு சோதனை செய்து பாருங்கள். நாளைக்கு ஆபீஸ் மீட்டிங்கில் உங்கள் மேனேஜர் அம்மா, ஆறு மாதம் கழித்து வரவிருக்கும் சிக்கலை இப்போதே கண்டுபிடித்து வழி சொல்கிறார். நீங்கள் எழுந்து, 'மேடம், பெண் புத்தி பின் புத்தின்னு சும்மாவா சொன்னாங்க!' என்று பாராட்டுங்கள். அப்ரைசலில் என்ன வந்தது என்று அடுத்த பட்டிமன்றத்தில் சொல்லுங்கள்.

ஒருவரைப் பாராட்டப் பயன்படாத சொல் எப்படி ஐயா பாராட்டாகும்? வீட்டில் ஒரு பெண் யோசனை சொல்ல வாயெடுக்கும்போது அவளை அடக்கத்தான் அதைச் சொல்கிறார்கள். அது செய்கிற வேலைதான் அதன் பொருள்.

அடுத்து, 'கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்.' அது கல் இல்லை, கள்வன் என்றார். சரி, அப்படியே இருக்கட்டும். கல்லோடு குடும்பம் நடத்தச் சொன்னவர்கள் இப்போது திருடனோடு நடத்தச் சொல்கிறீர்கள். அதற்குக் கல்லே தேவலை ஐயா! அது பாட்டுக்கு மூலையில் கிடக்கும், தாலியை அடகு வைக்காது. புல் என்பதும் புல் இல்லையாம், ஒரு சாதிப் பெயராம். அந்தப் பெயரை இந்த மேடையில் நான் சொல்லப் போவதில்லை. பெண்ணைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் வழியில் சாதியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்!

எல்லாப் பழமொழியும் மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.' இதை எந்த ஊர் மருமகள் சொன்னாளோ, அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நேரே புரிகிறது, யாரும் விளக்கவுரை எழுதவில்லை.

ஆனால், 'பொம்பளை சிரிச்சா போச்சு, பொகையிலை விரிச்சா போச்சு' இருக்கிறதே! புகையிலைக் கட்டைப் பிரித்துக் காற்றில் பரப்பிப் போட்டால் மணமும் காரமும் போகும், சரக்கு விலை போகாது. இது வியாபாரிக் கணக்கு. அதே கணக்கில் ஒரு மனுஷியையும் பிரிக்காமல் கட்டி வைக்கச் சொல்கிறது. எத்தனை நுணுக்கமாக உரை எழுதினாலும், புகையிலைக்குப் பக்கத்திலிருந்து அவளை எழுப்ப முடியுமா?

ஒளவை சொன்னாரே என்பார்கள். ஆத்திசூடியில் 'தையல்சொல் கேளேல்' என்று இருப்பது உண்மை. தையல் என்றால் பெண். சொன்னவரும் பெண். ஆக, ஒளவை சொல்லைக் கேட்டால் ஒளவை சொல்லையே கேட்கக் கூடாது! இதோ பக்கத்துத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த பாரதி என்ன செய்தார்? அந்த வரிக்கு உள்ளர்த்தம் தேடிக்கொண்டிருக்கவில்லை. 'புதிய ஆத்திசூடி' என்று தனியாகவே எழுதி, 'தையலை உயர்வு செய்' என்றார். பழசைப் பழசாகவே விட்டுவிட்டுப் புதுசு எழுதும் துணிச்சல் அது.

'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்பதை இன்று யாராவது வாய்விட்டுச் சொல்கிறார்களா? அதற்கும் நல்ல அர்த்தம் கண்டுபிடித்ததாலா அது ஓய்ந்தது? முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து டாக்டரானார். 1954-ல் அவர் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இன்றும் நடக்கிறது. இப்படிப் பெண்கள் படித்துப் படித்துத்தான் அந்தப் பழமொழியின் வாயை அடைத்தார்கள்.

நடுவர் மணியடித்துவிட்டார். ஒரே ஒரு கேள்வி, உட்கார்ந்துவிடுகிறேன். 'சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை' என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு மட்டும் ஏன் இதுவரை ஒருவரும் உள்ளர்த்தம் தேடவில்லை? அடுத்துப் பேச வரும் அண்ணன் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.