சட்டை மாற்றிய ஸ்டீபன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைச்சல், வணக்கத்தையும் குறைச்சுக்கிட்டேன்.

விளையாட்டு வீரர்கள் நாடு மாறுவது பிழைப்புக்கா, பேராசைக்கா? பிழைப்புக்கேங்கிறது எங்க அணி. எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டாரு: "சட்டையை மாத்துற மாதிரி நாட்டை மாத்துறாங்க!" நீங்களும் தட்டினீங்க. கையை மடக்கிடாதீங்க, எனக்கும் வேணும்.

சட்டைக் கதையே சொல்றேன். ஸ்டீபன் செரோனோ, கென்யாக்காரர். தடையும் தண்ணிக்குழியும் தாண்டி ஓடுற 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ்ல 2002 காமன்வெல்த் தங்கம். அடுத்த வருஷம் கத்தாருக்குப் போயிட்டார். சட்டை மட்டுமா மாறுச்சு? பேரே சைஃப் சயீத் ஷாஹீன்!

அதே 2003, பாரிஸ், உலகப் போட்டி. கோட்டுல கத்தார் சட்டையில ஷாஹீன். அதே ஓட்டத்துல கென்யா சட்டையில யாரு? கூடப்பிறந்த ஏப்ரகாம் செரோனோ! அந்த அம்மாவை நினைச்சுப் பாருங்க நடுவர் அவர்களே. "ஓடு ராசா"ன்னு கத்தினா எந்த ராசா? ஒருத்தன் முந்தினா சந்தோஷப்படணுமா, பிந்தினவனுக்கு அழணுமா? கத்தார் ராசா ஜெயிச்சார். அதோட முடிஞ்சுதா? மூத்தவர் கிறிஸ்டோபர் 1999-ல இதே ஓட்டத்துல கென்யாவுக்குத் தங்கம் வாங்கினவர். ஒரே வீட்டுல ரெண்டு உலக சாம்பியன், ரெண்டு தேசிய கீதம். பாவம் அந்தம்மா, எதுக்கு எழுந்து நிப்பாங்க?

கத்தார் ஆயுளுக்கும் மாசம் 1,000 டாலர் தரும்னு பேச்சுன்னு அன்னைக்குச் செய்தி வந்துச்சு. இது பேராசையாம்! ஐயா, ஓடுற கால் எத்தனை வருஷம் ஓடும்? அப்புறம் வயிறு நிக்குமா?

மாத்தின சட்டை சும்மாவும் கிடைக்கலை. நாடு மாறினா ஒலிம்பிக்குக்கு 3 வருஷம் காத்திருக்கணும், பழைய நாடு விட்டுக்கொடுத்தா ஒழிய. கென்யா விடலை. 2004 ஏதென்ஸ்ல அவர் இல்லாத ஓட்டத்துல மூணு பதக்கமும் கென்யாவுக்கே. பத்து நாள் கழிச்சு பிரசெல்ஸ்ல அவர் ஓடினது 7 நிமிஷம் 53.63 விநாடி. அந்த உலக சாதனை 2023 வரைக்கும் நின்னுச்சு. ஒலிம்பிக் பதக்கமோ கடைசி வரைக்கும் ஒண்ணுகூட இல்லை. பேராசைக்காரருக்குக் கிடைச்ச லாபத்தைப் பாத்தீங்களா!

ஒலிம்பிக்ல ஒரு ஓட்டத்துக்கு ஒரு நாட்டுக்கு 3 இடம்தான். கென்யாவுல நாலாவது ஆளும் உலகத் தரம்... தர்க்கம் இருக்கட்டும், நடுவர் கை மணிக்குப் போகுது.

ஸ்டீபன் விட்டுட்டுப் போன அதே கென்யாவுக்கு, தெற்கு சூடான் பக்கம் நடந்த போருக்குத் தப்பி ஒரு சின்னப் பொண்ணு வந்து சேர்ந்துச்சு. ரோஸ் லோகோன்யென். வளர்ந்தது ககூமா அகதி முகாம்ல. அங்க நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்துல வெறுங்காலோட ஓடி ரெண்டாவதா வந்த பொண்ணு. 2016, ரியோ ஒலிம்பிக். எல்லா நாடும் அதது கொடியோட வருது. அகதிகள் அணியில 10 பேர். முன்னால ரோஸ். கையில ஒலிம்பிக் வளையக் கொடி. நாட்டுக் கொடி கிடையாது. மொத்த அரங்கமும் எழுந்து நின்னுச்சு.

எதிரணித் தலைவர் அவர்களே, அந்தப் பொண்ணுக்கு மாத்திக்க எந்தச் சட்டை இருந்துச்சு?

வணக்கம்.