எகிறாத பந்து! பிரேசில் ரகசியம் நம்ம தூத்தூர் கடப்புறத்துலயே இருக்கு மக்களே

மக்களே, என் கையில ரெண்டு பந்து இருக்கு, ரெண்டையும் 2 மீட்டர் உயரத்துல இருந்து கீழ போடுறேன், நல்லா பாருங்க.

[பந்து ரெண்டும் விழுது]

பெருசு, அதான் சாதா ஃபுட்பால், நல்லா எகிறிடுச்சு, சின்னது முட்டுக்கு வந்துட்டு அப்படியே படுத்துருச்சு பாத்தீங்களா? காத்து கொறைஞ்ச பந்துன்னு நினைக்காதீங்க, இதுதான் ஃபுட்சல் பந்து, ஃபுட்சல்னா ஹாலுக்குள்ள ஆடுற சின்ன ஃபுட்பால். 50 சென்டிமீட்டருக்கு கொறையாம, 65க்கு மேல போகாம எகிறணும்னு ரூல்லயே இருக்கு.

ஹிஸ்டரி சட்டுன்னு சொல்லிடுறேன். 1930, உருகுவே, மான்டிவீடியோ ஒய்எம்சிஏ, செரியானின்னு ஒரு வாத்தியார் தொடங்கி வச்ச ஆட்டம் இது. டீமுக்கு 5 பேரு, ஹாலுக்குள்ள ஆட்டம். அவ்வளவுதான், இப்ப பந்துக்கு வாங்க.

இது சைஸ்ல சின்னது, ஆனா வெயிட்டு 400ல இருந்து 440 கிராம், கிட்டத்தட்ட பெரிய பந்து அளவுக்கே. அதனால தலைக்கு மேல தூக்கி அடிச்சு தப்பிக்கிற வேலை இங்க அதிகம் நடக்காது, பந்து காலடியிலயே கிடக்கும், ஆள் ஒட்டி நிப்பான், உள்ளங்காலை வச்சு உருட்டி இழுத்து திருப்பித்தான் வெளிய வரணும், சைடு கோட்டைத் தாண்டுன பந்தை காலால உள்ள அடிக்கிற கிக்-இன் எடுக்கவே 4 செகண்ட்தான் டைம். பிரேசில்ல சின்னப் பிள்ளைங்க இதுல காலைப் பழக்கிட்டுதான் பெரிய கிரவுண்டுக்கு போறாங்க, ரொனால்டினோ, நெய்மர் எல்லாம் இப்படி வந்தவங்கதான். ஃபுட்சல் உலகக்கோப்பையே 6 தடவை அடிச்சிருக்காங்க, கடைசியா 2024ல அர்ஜென்டினாவை 2-1.

இப்ப நம்ம ஊரு, கன்னியாகுமரி மாவட்டத்து கடப்புறம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, சாயங்காலம் போய் பாருங்க. கரையில ஏத்தி வச்ச வள்ளத்துக்கு பக்கத்துல ரெண்டு ரெண்டு செருப்பு, அதான் கோல் போஸ்ட். பந்து மணல்ல விழுந்தா எகிறுதா? எகிறாது! செரியானி ஹாலுக்குள்ள யோசிச்சத நம்ம கடப்புறம் சும்மாவே பயலுவளுக்கு குடுத்திருக்கு. ஐஎஸ்எல், அதான் இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால் ஆடுன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான், அத நினைச்சாலே எனக்கு புல்லரிக்கும்.

ஆனா மணல்ல பாஸ் ஓடாது, வேகம் பழகாது. ஆனி ஆடியில கடல் கேறி வந்துட்டா ஆட கரையே இருக்காது, ஐப்பசியில மறுபடியும் மழை. டர்ஃப் இருக்கேன்னு கேப்பீங்க, டர்ஃப்ல அஞ்சஞ்சு பேரா ஆடுற ஃபைவ்ஸ் வேற, ஃபுட்சல் வேற. அங்க சைடு நெட்ல அடிச்சா பந்து திரும்ப வந்துரும், ஃபுட்சல்ல கோட்டைத் தாண்டுனா எதிர் டீமுக்கு. டர்ஃப்ல மணிக்கணக்குல காசு பிரிச்சு ஆடணும், வலைக்கு போற வீட்டுப் பயலுக்கு டெய்லி அது முடியுமா?

பி.டி. சார்மாரே, டீச்சர்மாரே, இது உங்களுக்குத்தான். ஹேண்ட்பால் கோர்ட் 40க்கு 20, போஸ்ட் 3க்கு 2 மீட்டர். ஃபுட்சலுக்கும் அதே அளவுதான்! உங்க ஸ்கூல்ல ஹேண்ட்பால் கோர்ட் கிடந்தா பாதி வேலை முடிஞ்சுது, நாலு பந்து வாங்குங்க, பொம்பளப் பிள்ளைங்களையும் சேத்து இறக்குங்க. எந்த ஸ்கூல்ல கோர்ட் இருக்குன்னு கமெண்ட்ல போடுங்க, பந்தோட நான் வாறேன்.