கெளுத்திச் செவுளில் ஒரு புதுப் புழுவா?

வணக்கம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காதவர் யார்? சிவப்பாக இருந்தால் பைக்குள் போகும், வெளுத்திருந்தால் தட்டிலேயே கிடக்கும். அந்தச் சிவப்புச் சீப்பின் பல்லிடுக்கில், அரை மில்லிமீட்டர் நீளத்தில், கொக்கி மாட்டித் தொங்கும் புழுக்கள் உண்டு. மோனோஜீனியா என்று பெயர். இவை மனிதரைத் தொற்றாது, ஆகையால் இன்றைய குழம்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நம் ஏரிக் கெளுத்தியில் இப்படி ஒரு புழு கிடைக்கிறது. புதுசு என்று எப்படிச் சொல்வது? முதலில் மீன் உயிரோடு வேண்டும். செத்துச் சில மணி நேரமானால் புழு செவுளை விட்டு நழுவும், இல்லையென்றால் அழுகிக் குழையும். அடுத்தது, ஒவ்வொரு மீனும் தனி வாளியில். இதை இன்னொரு முறை சொல்கிறேன்: தனி வாளியில். கெளுத்தியும் விராலும் ஒரே வாளியில் வந்தால், ஒன்றிலிருந்து கழன்ற புழு மற்றதன் செவுளில் கிடக்கும். நாமும் பொய்யான ஓம்புயிரை, அதாவது புழு குடியிருக்கும் மீனைத் தவறாக, எழுதிவைப்போம். கிடுக்கியையும் மீனுக்கு மீன் கழுவவேண்டும்.

செவுள் மூடியை வெட்டினால் பக்கத்துக்கு நான்கு வளைவு. ஒவ்வொன்றையும் தனித் தட்டில் தண்ணீரிலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், புழு அட்டைப்பூச்சி மாதிரி நீண்டு சுருங்கும். மெல்லிய ஊசியால் கொக்கியைக் கழற்றி ஸ்லைடில் வைத்து, மூடுகண்ணாடி போட்டு, ஓரத்தில் மை உறிஞ்சும் தாளால் நீரை இழுக்கவேண்டும். மறு ஓரத்தில் அம்மோனியம் பிக்ரேட்டும் கிளிசரினும் கலந்த மஞ்சள் திரவத்தை ஒரு துளி விட்டால், சதை தெளிந்து கொக்கிகள் தெரியும். பிக்ரேட் உலர்ந்துபோனால் வெடிக்கக்கூடியது, புட்டி வாயில் தூள் படிய விடாதீர்கள்.

தப்பு நடக்கும் இடம் இதுதான். பெரிய கொக்கியே சுமார் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். புழு சரியாகத் தட்டையாகாவிட்டால் கொக்கி சாய்ந்து நிற்கும். சாய்ந்த கொக்கியை அளந்தால் நீளம் குறைந்து வரும். அந்தக் குறைந்த அளவை நம்பிப் 'புதுச் சிற்றினம்' என்று எழுதினால், அது வெறும் சாய்ந்த கொக்கிதான். ஒன்றிரண்டு போதாது, பத்துப் பதினைந்து புழுவாவது அளந்து, சிறியதும் பெரியதும் சராசரியும் தரவேண்டும். ஓரத்துக் குட்டிக் கொக்கிகள் பதினான்கு, ஆண் உறுப்பின் குழல், அதன் வளைவு, எல்லாம் வரைபடத்தில் வேண்டும். குழல்தான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டைக்கு வருவோம். அதன் செவுளில் ஒரு புழு, பெரிய கொக்கிகளுக்கு நடுவிலுள்ள குறுக்குப் பட்டையில் முயல் காது மாதிரி இரண்டு நீட்சி. நம் நாட்டுப் புழு எதிலும் இல்லாத காது! உடனே பெயர் வைக்கத் தோன்றும். பொறுங்கள். ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். புழுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், நடுவில் வேறு உயிர் எதுவும் தேவையில்லாமல் மீனிலிருந்து மீனுக்கு நேரே தாவும் வகை அது. இந்தக் காதுள்ள கூட்டத்துக்கு சிக்ளிடோகைரஸ் என்று பெயர். அதில் ஸ்கிளெரோசஸ் என்ற சிற்றினம் 1969-லேயே உகாண்டாவிலிருந்து விவரிக்கப்பட்டது. ஆகவே புழுவுக்கு முன்னால் மீனின் சொந்த ஊரைக் கேளுங்கள், அந்த ஊரின் பழைய கட்டுரைகளையும் தேடுங்கள். நம் கெளுத்தியிலோ கேள்வி வேறு: அது எந்தக் கெளுத்தி? ஒன்றைப் போல் ஒன்றிருக்கும் பலவகை உண்டு. மீனைப் படமெடுத்து, புழுவின் ஸ்லைடுக்குக் கொடுத்த எண்ணையே அதற்கும் போட்டு, ஃபார்மலினில் பாதுகாக்கவேண்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். டிஎன்ஏ பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன்: சில புழுக்களை 95 சதவீத எத்தனாலில் வையுங்கள், ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். ஒரே புழுவை வெட்டி, கொக்கிப் பாதி ஸ்லைடுக்கு, மறு பாதி டிஎன்ஏவுக்கு என்றால் இன்னும் நல்லது. பெயர் செல்லவேண்டுமானால், 2000 முதல் விலங்குப் பெயரிடல் விதிப்படி மூல மாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாக வைக்கும் புழுவை, குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் எழுதவேண்டும். வீட்டு அலமாரி சேகரிப்பில் சேராது! புட்டிக்குள் போடும் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். வணக்கம்.