வான்கோழியை யார் பார்க்கிறார்கள்?

வணக்கம் நேயர்களே. நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் ஓர் ஓவியம் தவறாமல் தலைகாட்டும். வாழ்த்து அட்டையில் வரும், விளம்பரத்தில் வரும், கேலிச்சித்திரக்காரர்கள் அதை வைத்து அரசியல்வாதிகளை வம்புக்கு இழுப்பார்கள். நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். நீளமான சாப்பாட்டு மேசை. அதன் தலைமாட்டில் ஏப்ரன் கட்டிய பாட்டி, முழு வான்கோழியைப் பெரிய தட்டோடு இறக்கி வைக்கிறார். பின்னால் கோட்டு போட்ட தாத்தா. இரு பக்கமும் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். நார்மன் ராக்வெல் வரைந்தது. 1943 மார்ச் 6 தேதியிட்ட ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் வந்தது.

இந்தப் படத்தின் மேல் எனக்கு நெடுநாளைய பித்து. வானொலியில் படம் காட்ட வழியில்லை. அதனால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் அந்த வான்கோழியைக் கண்டுகொள்ளவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்லும் நவம்பர் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங்கின் விருந்து, ஆனால் யாரும் கண்மூடி ஜெபிக்கவும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வலது கீழ் மூலையில் ஒருவர் மட்டும் திரும்பி நம்மைப் பார்க்கிறார், ‘வந்துட்டியா, உட்காரு’ என்பதுபோல. மேசைவிரிப்பு, தட்டு, திரைச்சீலை எல்லாம் வெள்ளை. தம்ளர்களில் வெறும் தண்ணீர். வெள்ளை மேல் வெள்ளை தீட்டி, அதில் தண்ணீரையும் தெரிய வைப்பது லேசுப்பட்ட வேலையா? தூரிகை பிடித்த யாரையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, இது எந்தக் குடும்பம்? அப்படி ஒரு குடும்பமே கிடையாது. ராக்வெல் அப்போது வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற சின்ன ஊரில் இருந்தார். ஊர்க்காரர்களைத் தனித்தனியாக வரவழைத்துப் புகைப்படம் எடுத்து, எல்லாரையும் ஒரே மேசையில் சேர்த்துவிட்டார். பாட்டியாக நிற்பவர் அவர் வீட்டில் சமையல் வேலை பார்த்த அம்மாள். வான்கோழியைச் சமைத்ததும் அவர்தான். அதை ராக்வெல் வரைந்தார், அப்புறம் வீட்டோடு சாப்பிட்டார்கள். தனக்கு மாடலாக இருந்ததையே சாப்பிட்டது அபூர்வமாக நடந்த சமாச்சாரம் என்று பிற்பாடு அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். நம் கல்யாண ஆல்பத்தில் அன்றைக்கு வராத சித்தப்பாவை ஒட்டி வைப்பார்களே, அதுபோலத்தான். இங்கே மொத்தக் குடும்பமுமே ஒட்டு.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ‘அந்தக் காலம் எப்படி இருந்தது பார்’ என்று ஜனங்கள் பெருமூச்சு விடுகிறார்களே, அந்தப் படம் வெளிவந்த அன்றைக்கே அது ‘அந்தக் கால’மாகத்தான் இருந்தது. அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அந்த மார்ச் மாதக் கடைசியில் அமெரிக்காவில் இறைச்சிக்கு ரேஷன் வந்தது. சர்க்கரைக்கும் காபிக்கும் ஏற்கனவே வந்துவிட்டது. கோழிக்கும் வான்கோழிக்கும் விலக்கு. எத்தனையோ வீடுகளில் பையன்கள் போர்முனையில். ஐரோப்பா பசியில் கிடக்கும்போது இவ்வளவு பெரிய பறவையை வைத்துவிட்டோமே என்று ராக்வெலுக்கே உறுத்தியது. இதழில் அந்தப் படத்தோடு வந்த கட்டுரையை எழுதியவர் கார்லோஸ் புலோசான், பிலிப்பைன்ஸிலிருந்து பிழைக்க வந்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர். விளைவிக்கிறவனின் பசியைப் பற்றிய கட்டுரை அது. படத்தைக் கத்தரித்து மாட்டிவைத்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். ‘தேங்க்ஸ்கிவிங்குக்கு வீடு திரும்பல்’ என்று 1867இல் ஓர் அச்சுப்படம் வந்தது. பனி மூடிய பண்ணை வீடு, வாசலில் வந்து நிற்கும் மகன். வரைந்த ஜார்ஜ் டர்ரி 1863லேயே காலமாகிவிட்டார். நியூயார்க்கில் கரியர் அண்டு ஐவ்ஸ் கம்பெனி அச்சடித்து விற்றது. அவர்கள் கடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் நீலம் தீட்டித் தள்ளினால் அடுத்தவர் பச்சை. கிராமத்து ஏக்கம் நகரத்துப் பட்டறையில் கைமாறிக் கைமாறித் தயாரானது!

ராக்வெலும் நியூயார்க் நகரத்துப் பிள்ளைதான், 1894இல் பிறந்தவர். வாழ்க்கை எப்படி இருந்தால் தேவலை என்று ஆசைப்பட்டாரோ அப்படி வரைந்ததாக அவரே ஒப்புக்கொண்டவர்.

கிராமத்திலேயே வாழ்ந்து வரைந்தவரும் உண்டு, ‘கிராண்ட்மா’ மோசஸ். இந்தப் பாட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. ஆயுசு முழுக்கப் பண்ணை வேலை. எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்தவர், மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போய், எண்பது வயதை நெருங்கும்போது தூரிகை எடுத்தார். உள்ளூர்க் கண்காட்சிக்குத் தான் போட்ட ஜாமையும் படங்களையும் சேர்த்தே கொண்டுபோனார். ஜாமுக்குப் பரிசு, படத்துக்கு ஒன்றுமில்லை! 1938இல் ஹூசிக் ஃபால்ஸ் என்ற ஊரில் மருந்துக்கடைக் கண்ணாடி ஜன்னலில் கிடந்த அவர் படங்களை, அந்த வழியாக வந்த ஒரு சேகரிப்பாளர் கண்டெடுத்தார். அப்புறம் பாட்டியின் புகழ் நாடெங்கும் பரவியது. வான்கோழியை விரட்டிப் பிடிக்கிற காட்சியைப் பனியில் வைத்துப் பாட்டி பலமுறை வரைந்திருக்கிறார். ராக்வெல் படத்தில் தட்டுக்கு வந்துவிட்ட பறவை இங்கே ஆட்களுக்குப் போக்குக் காட்டி ஓடுகிறது. அவரும் ராக்வெலும் சிநேகிதர்கள். ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’டின் 1948 கிறிஸ்துமஸ் இதழ் அட்டையில், வீடு திரும்பும் தன் மகனை மனைவி கட்டிக்கொள்வதாக ராக்வெல் வரைந்தாரே, அந்தக் கூட்டத்தில் எண்பத்தெட்டு வயது மோசஸ் பாட்டியும் நிற்கிறார். ஒட்டு உறவுதான், பரவாயில்லை.

டோரிஸ் லீ என்ற ஓவியரைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. 1935இல் அவர் வரைந்த ‘தேங்க்ஸ்கிவிங்’ படத்தில் சாப்பாட்டு மேசையே இல்லை, சமையலறைதான். ஒருத்தி மாவு தேய்க்கிறாள், ஒருத்தி அடுப்பில் வேகும் வான்கோழியைக் கவனிக்கிறாள், நடுவில் குழந்தைகள். இங்கே வான்கோழியைப் பார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கருகிவிடும். சிகாகோ கலைக்கூடத்தில் அதற்கு லோகன் பரிசு கிடைத்தது. பரிசுக்குப் பணம் கொடுத்த லோகன் அம்மையாருக்கோ படத்தைக் கண்டு ஒரே கோபம். ‘கலையில் புத்தித் தெளிவு’ வேண்டும் என்று ஓர் இயக்கமே ஆரம்பித்துவிட்டார். படம் இன்றும் அதே கலைக்கூடத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.